விளங்கினது வேறொன்று: குழப்புகிற ஆங்கிலச் சொற்களை அறிகுறி பார்த்துத் திருத்துவது எப்படி

ஆங்கிலத்தில் ஒன்றைச் சொல்லி அது சரிவராமல் போனால் உடனே இலக்கணப் புத்தகத்தைத் தூக்க வேண்டாம். எதிரில் நின்றவர் என்ன செய்தார் என்று பாருங்கள். அதிலேயே பாதிக் காரணம் பிடிபட்டுவிடும்.

"சொரி?" என்று கேட்டு முகத்தைச் சுருக்கினாரா? அதே வசனத்தை மெதுவாக இன்னொரு தடவை சொல்லுங்கள். முகம் தெளிந்தால் பிழை உச்சரிப்பில். மெதுவாகச் சொல்லியும் தெளியவில்லை என்றால், நீங்கள் பாவித்தது இலங்கைக்குள் மட்டும் ஓடுகிற ஆங்கிலமாக இருக்கலாம். இந்த இரண்டும் பெரிய பிரச்சினை இல்லை. விளங்கவில்லை என்பது இருவருக்கும் தெரிகிறது, கையைக் காலைக் காட்டியாவது சமாளித்துவிடலாம்.

ஆபத்து மூன்றாவது வகையில் இருக்கிறது. அவர் தலையாட்டுகிறார், "ஓகே" என்கிறார், பிறகு வேறெதையோ செய்கிறார். நீங்கள் நினைத்தது ஒன்று, அவருக்கு விளங்கினது இன்னொன்று. பெரும்பாலும் இதற்குக் காரணம், தமிழில் ஒரே சொல்லால் முடிகிற வேலைக்கு ஆங்கிலம் இரண்டு மூன்று சொற்களை வைத்திருப்பதுதான். நாம் முதலில் வாயில் வந்ததை எடுத்து விடுகிறோம். அகராதியைப் புரட்டினாலும் இரண்டுக்கும் ஒரே தமிழ்ப் பொருள்தான் போட்டிருக்கும். அதனால் பொருளைத் தேடாமல், அவை எந்த இடத்தில் பிரிகின்றன என்று தேடுங்கள்.

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விடுதியிலும் படகிலும் ஓட்டோவிலும் வேலை செய்கிறவர்கள், வெளிநாட்டுப் படிவம் நிரப்புகிறவர்கள், சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் ஆகியோரை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எது நடந்ததோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம்.

அறிகுறி: சொன்ன நேரத்துக்கு ஆள் வரவில்லை

முதல் சந்தேகம் "வித்தின்" மேல். ஐந்து மணிக்குள் வாங்கோ என்று நினைத்துக்கொண்டு "கம் வித்தின் ஃபைவ்" என்று சொல்லியிருப்பீர்கள். தமிழில் "க்குள்" எதோடும் ஒட்டும். ஐந்து மணிக்குள் என்றும் சொல்லலாம், ஐந்து மணித்தியாலத்துக்குள் என்றும் சொல்லலாம். ஆங்கிலம் அப்படி விடாது. வித்தின் என்றால் அதற்குப் பிறகு ஒரு கால அளவு வர வேண்டும். ஆகவே "வித்தின் ஃபைவ்" என்பது அவர் காதில் ஐந்து நிமிடத்துக்குள் என்றோ ஐந்து மணித்தியாலத்துக்குள் என்றோ விழும். விடியற்காலையில் திமிங்கிலம் பார்க்கப் போகிற படகுக்கு இப்படிச் சொன்னால், ஒன்று அவர் இரவே கடற்கரைக்கு ஓடிவருவார், இல்லையென்றால் படகு போன பிறகு வருவார்.

சோதனை எளிது. கடிகாரத்திலோ கலண்டரிலோ விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரு புள்ளியா? அப்படியென்றால் பை: "பை ஃபைவ் ஓ க்ளொக்", "பை சண்டே". இத்தனை நிமிடம், இத்தனை நாள் என்று எண்ணுகிற நீளமா? அப்படியென்றால் வித்தின்: "வித்தின் டென் மினிட்ஸ்", "வித்தின் டூ டேஸ்".

பையும் அன்டிலும் கூட மாறிப்போகும். இங்கே தமிழே கைகொடுக்கிறது. பத்து மணிக்குள் அறையை விட வேண்டும் என்றால் "பை டென்". பத்து மணி மட்டும் இருக்கலாம் என்றால் "அன்டில் டென்". "க்குள்" வந்தால் பை, "மட்டும்", "வரைக்கும்" வந்தால் அன்டில்.

சொல் சரியாக இருந்தும் நேரம் பிழைத்தால் அரை மணியைப் பாருங்கள். ஒரு பிரித்தானியர் "ஹாஃப் ஃபைவ்" என்றால் ஐந்தரை. ஜெர்மன்காரர் தன் மொழிப் பழக்கத்தில் அதையே நாலரை என்று எடுப்பார், ஏனென்றால் ஜெர்மன் மொழியில் அரை ஐந்து என்பது ஐந்துக்கு அரை மணி குறைவு. நிலாவெளியில் இருவரையும் ஒரே படகில் ஏற்ற வேண்டிவரும். ஆகவே நீங்கள் "ஃபைவ் தேர்ட்டி" என்றே சொல்லிப் பழகுங்கள். "நெக்ஸ்ட் சட்டர்டே" என்பதும் இதே கதைதான். புதன்கிழமை நின்றுகொண்டு அப்படிச் சொன்னால், வருகிற சனியா அதற்கடுத்த சனியா என்பதில் ஆங்கிலம் தாய்மொழியானவர்களே ஒத்துப்போவதில்லை. திகதியைச் சொல்லிவிடுங்கள், பிரச்சினை முடிந்தது.

திகதியை எண்ணில் எழுதும்போதும் கவனம். ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்ட நாளை நாங்கள் 9/4/1942 என்று எழுதுவோம். அதே நாளை அமெரிக்கர் 4/9/1942 என்று எழுதுவார், நமக்கு அது செப்டம்பர் 4. முன்பதிவு மின்னஞ்சலில் மாதத்தை எழுத்தில் எழுதினால் அறை இரட்டைப் பதிவாகாது.

இன்னும் ஒன்று, ஆனால் இதனால் யாரும் படகைத் தவறவிட மாட்டார்கள். "இரண்டு நாளுக்கு முன்" என்பதற்கு "டூ டேஸ் பிஃபோர்" என்று நிறுத்தினால், எதற்கு முன் என்று அவர் காத்துக்கொண்டிருப்பார். இன்றிலிருந்து பின்னோக்கி எண்ணினால் எகோ. வேறொரு சம்பவத்திலிருந்து எண்ணினால்தான் பிஃபோர்.

அறிகுறி: நீங்கள் விடைபெற்றுவிட்டீர்கள், அவர் இன்னும் காத்துக்கொண்டு நிற்கிறார்

இது நம் மரியாதையால் வருகிற கோளாறு. "போறன்" என்று சொல்லக்கூடாது, "போயிட்டு வாறன்" என்றுதான் சொல்ல வேண்டும் என்று வளர்ந்த வாய், ஆங்கிலத்திலும் அதையே சொல்லும்: "ஓகே சேர், ஐ வில் கோ அண்ட் கம்."

கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் நடப்பதைப் பாருங்கள். ஓட்டோக்காரத் தம்பி ஒரு சோடியை இறக்கிவிட்டு, காசை வாங்கிக்கொண்டு, பணிவாக அதைச் சொல்லிவிட்டு டவுனுக்குப் போய்விடுகிறார். அவர்கள் ஏழு கிணற்றிலும் அள்ளி ஊற்றிக் குளித்துவிட்டு வெளியே வந்து நிற்கிறார்கள். வேறு ஓட்டோ வருகிறது. "நோ தேங்க்யூ, அவர் டிரைவர் இஸ் கமிங்." இன்னொன்று வருகிறது. அதற்கும் அதே பதில். தலையில் ஈரம் காய்ந்து வியர்க்கத் தொடங்கிய பிறகுதான் சந்தேகம் வருகிறது. அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை, ஏமாற்றவுமில்லை. ஆனால் இணையத்தில் அவருக்கு ஒற்றை நட்சத்திரம் விழும்.

திரும்பி வரப்போவதில்லை என்றால் "பாய், ஹேவ் எ நைஸ் டே" போதும். அதில் அபசகுனம் எதுவும் இல்லை. திரும்பி வருவதென்றால் நேரத்தோடு சொல்லுங்கள்: "ஐ வில் பீ பேக் அட் ஃபோர்."

எழும்பிப் போகும்போது "ஐ ஆம் கமிங்" என்று சொல்வதும் இதே வகை. வெள்ளைக்காரர் குழம்பிப்போய், போகிற உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அறிகுறி: ஓட்டோவில் இருப்பவர் தலையைக் குனிகிறார்

"கெட் டவுன் ஹியர்" என்று சொல்லியிருப்பீர்கள். நமக்கு அது இறங்குவது. வெளியாருக்கு அது குனி, பதுங்கு என்ற எச்சரிக்கை. பஸ், ரயில், படகு என்றால் "கெட் ஓஃப்". கார், ஓட்டோ என்றால் "கெட் அவுட் ஒஃப் த கார்". ஆனால் வாகனத்தின் பெயரை விட்டுவிட்டு "கெட் அவுட்" என்று மட்டும் சொன்னால் வெளியே போ என்று விரட்டுவதாகிவிடும். என்னைக் கேட்டால் மூன்றையும் விட்டுவிட்டு "வீ ஆர் ஹியர்" என்று சொல்லுங்கள். ஆள் தானாக இறங்குவார்.

"ஐ ஹேவ் எ ஹயர்" என்பதும் அவருக்குப் போய்ச் சேராது. ஹயர் போவது என்பது இங்கத்தைய பேச்சு. "ஐ ஹேவ் அனதர் கஸ்டமர்" என்றால் விளங்கும்.

அறிகுறி: காசு விசயத்தில் முகம் கறுக்கிறது

பிஃப்டீனும் பிஃப்டியும் அடிபடுகிற இடம் இது. ஆயிரத்து ஐந்நூறை "பிஃப்டீன் ஹன்ட்ரட்" என்று சொல்கிறீர்கள், அவர் ஐயாயிரத்துக்குத் தயாராகிறார், அல்லது நேர்மாறாக. நாம் கடைசி "ன்"-ஐ மூக்கோடு விழுங்கிவிடுவதால் இரண்டும் ஒன்றாகக் கேட்கிறது. டீன் என்று முடிகிற எண்களில் அழுத்தம் கடைசியில், ஈ நீளும், ன் தெளிவாக முடியும். டி என்று முடிகிறவற்றில் அழுத்தம் முதலில், முடிவு குறுகும். பழகும்வரை எண்ணைப் பிரித்துச் சொல்லுங்கள்: "வன் ஃபைவ் சீரோ சீரோ". அதைவிடச் சுகம், போனில் எழுதிக் காட்டுவது. லட்சத்தை லட்சம் என்றே சொன்னால் யாருக்கும் விளங்காது, "ஹன்ட்ரட் தௌசண்ட்" என்று சொல்ல வேண்டும்.

மிச்சக் காசு இல்லை என்பதற்கு "நோ பலன்ஸ்" என்கிறோம். அவர் உங்கள் வங்கிக் கணக்கு காலி என்று நினைக்கலாம், அல்லது உங்களுக்குத் தலை சுற்றுகிறது என்று நினைக்கலாம். கையில் திருப்பிக் கொடுக்கிற காசு சேஞ்ச்.

இரவல் விசயத்தில் பாரோவும் லெண்டும் மாறும். "கேன் யூ பாரோ மீ யுவர் பென்" என்பது பாடசாலையிலிருந்து அலுவலகம் வரை கேட்கிற ஒன்று. வாங்குகிற கைக்குப் பாரோ, கொடுக்கிற கைக்கு லெண்ட். கேட்கும்போது "ஐ" என்று தொடங்கினால் பாரோ, "யூ" என்று தொடங்கினால் லெண்ட் என்று வைத்துக்கொண்டால் அநேகமாகப் பிழைக்காது.

வாகனத்துக்குக் கொடுப்பது ஃபெயர். உள்ளே நுழைய, படிக்க, ஒருவர் செய்த வேலைக்குக் கொடுப்பது ஃபீ. பொருளுக்குப் ப்ரைஸ். இவற்றை மாற்றிச் சொன்னாலும் காசு வந்துசேரும்.

அறிகுறி: சாப்பாட்டு மேசையில், கடலில், கேட்டது ஒன்று கிடைத்தது வேறொன்று

"இஸ் இட் ஹொட்?" என்று விருந்தாளி கேட்கிறார். இப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கியது என்ற பெருமையில் "யெஸ் மேடம், வெரி ஹொட்!" என்கிறீர்கள். அவர் தட்டைத் தள்ளி வைக்கிறார். இந்த இடத்தில் கணக்கு தலைகீழ். நமக்குச் சூடு வேறு, உறைப்பு வேறு. ஆங்கிலம்தான் இரண்டையும் ஒரு சொல்லில் போட்டிருக்கிறது. சாப்பாட்டைப் பற்றி அவர் ஹொட் என்று கேட்டால் பெரும்பாலும் உறைப்பைத்தான் கேட்கிறார். "ஸ்பைசி ஹொட்?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

கணவாய்க்கு மெனுவில் கட்டில்ஃபிஷ் என்று போட்டிருப்போம். வருகிறவர்களுக்குப் பழக்கமானது கலமாரி, அது ஸ்குயிட். இரண்டும் நமக்குக் கணவாய்தான். வெட்டும்போது உள்ளே தடித்த வெள்ளை ஓடு இருந்தால் கட்டில்ஃபிஷ், கண்ணாடி போல மெல்லிய தகடு இருந்தால் ஸ்குயிட். சமையலறையில் ஒரு தடவை கேட்டுவிட்டு மெனுவை அடியுங்கள். அந்த மெனுவில் மாலைச் சிற்றுண்டிக்குப் பாம்பின் எழுத்துக்கூட்டல் விழுந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்நாக்ஸில் "கே"-க்கு முன் "சி" இருக்க வேண்டும். "சி"-யை விட்டுவிட்டு "கே"-க்குப் பின் "ஈ" போட்டால் பாம்புதான்.

புறாத்தீவுக்குப் போகிற படகில் "யூ கேன் சீ டோட்டஸ்" என்று சொன்னால், விசயம் தெரிந்தவர் ஒரு மாதிரிப் பார்ப்பார். கடலில் நீந்துவது டர்டில். தரையில் நடப்பது டோட்டஸ். ஆமை என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டையும் வைத்திருப்பது நமது வசதி. கோட்டைக்குள் மேய்கிற புள்ளிமான்களைக் காட்டும்போது எத்தனை நின்றாலும் "டியர்"தான், "ஸ்" சேராது.

வெயிலில் வந்தவரை "சிட் இன் த ஷேடோ" என்று அழைக்காதீர்கள். நிழலின் உருவம் ஷேடோ, வெயில் படாத குளிர்ச்சியான இடம் ஷேட். அறையில் ஓடினது சுண்டெலி என்றால் "ரேட்" என்று சொல்லி ஆளைப் பயமுறுத்த வேண்டாம், "மௌஸ்" என்றால் கொஞ்சம் தாங்கிக்கொள்வார்.

அறிகுறி: விடுதியில் ஆள் கதவுக்கு வெளியே மாட்டிக்கொண்டார்

கடை பூட்டு, பாடசாலை பூட்டு என்று பேசிப் பழகிய நாங்கள் சாத்துவதற்கும் பூட்டுவதற்கும் ஒரே சொல்லைப் பாவிப்போம். வேலைக்காரத் தங்கச்சியிடம் "குளோஸ் த டோர்" என்று அவர் சொன்னால் அது சாத்துவது மட்டும். திறப்புப் போட்டால்தான் லொக். இதை மாற்றி எடுத்தால் குளிக்கக் கடலுக்குப் போனவர் துவாயோடு வாசலில் நிற்பார்.

"புட் த லைட்" என்றால் எங்கே வைப்பது என்று கேட்பார். போடுவது "டேர்ன் ஓன்", நூர்ப்பது "டேர்ன் ஓஃப்". அதே போடு, லைஃப் ஜக்கெட்டுக்கு வந்தால் "புட் ஓன்".

"நாளைக்கு எனக்கு ஞாபகப்படுத்துங்கோ" என்பதற்கு "ரிமெம்பர் மீ டுமோரோ" என்று சொன்னால், என்னை நினைத்துக்கொள் என்று உருக்கமாகப் பிரியாவிடை கொடுப்பது போல் ஆகிவிடும். "ரிமைண்ட் மீ" என்பதே சரி. "ஐ மிஸ்ட் மை போன்" என்றால் போனைப் பிரிந்து வாடுகிறீர்கள். காணாமல் போனது "லொஸ்ட்". எங்கோ மறந்து வைத்துவிட்டு வந்தது "லெஃப்ட்".

முதலாம் மாடி அறை என்று பதிவு செய்த அமெரிக்கர், படியேற வேண்டும் என்றதும் முகத்தைச் சுளிப்பதுண்டு. அவர் நாட்டில் ஃபேர்ஸ்ட் ஃப்ளோர் தரைத்தளம். "வன் ஃப்ளோர் அப்" என்று எழுதிவிடுங்கள்.

அறிகுறி: மருந்துக் கடையில் எங்கே நோகிறது என்று இரண்டாம் முறை கேட்கிறார்

கால் முழுக்க லெக் இல்லை. கணுக்காலுக்குக் கீழே ஃபூட். கையும் அப்படியே: மணிக்கட்டுக்குக் கீழே ஹேண்ட், மேலே ஆர்ம். கால் விரல் டோ, ஃபிங்கர் இல்லை. முள் மிதித்த ஆளை மருந்தெடுக்கக் கூட்டிப்போகும்போது விரலால் தொட்டுக் காட்டிவிட்டால் இந்தப் பகுதியே தேவையில்லை.

அறிகுறி: படிவம் திரும்பி வந்தது, அல்லது நேர்காணலில் ஒரே கேள்வியைச் சுற்றிச் சுற்றிக் கேட்கிறார்கள்

இந்தத் தலைப்பை மட்டும் நிதானமாக வாசியுங்கள். மற்றப் பிழைகள் சிரிப்போடு போகும். இது விசாவில் கை வைக்கும்.

பெரியப்பாவின் மகன் நமக்கு அண்ணன். சித்தியின் மகள் தங்கச்சி. அதில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் படிவத்தில் பிரதர், சிஸ்டர் என்றால் ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவர் (அல்லது அவர்களில் ஒருவரையாவது பொதுவாகக் கொண்டவர்). மற்றவர்கள் எல்லாரும் கஸின். கனடாவில் இருக்கிற பெரியப்பா மகனை ஒரு தாளில் பிரதர் என்று எழுதி, குடும்ப விபரத்தில் உங்கள் தகப்பனுக்கு இரண்டு பிள்ளைகள் என்று காட்டினால், படிக்கிற அதிகாரிக்கு உறவு விளங்காது, முரண்பாடுதான் தெரியும். பேச்சில் "கஸின் பிரதர்" என்று சொன்னால் கொஞ்சம் வித்தியாசமாக இருந்தாலும் விளங்கும். தாளில் கஸின் மட்டும்.

அடுத்தது மச்சான். மாமன் மகனும் மச்சான், மனைவியின் அண்ணன் தம்பியும் மச்சான், பக்கத்து வீட்டுச் சிநேகிதனும் மச்சான். மாமன் மகன் கஸின். மனைவியின் அல்லது கணவனின் சகோதரன், சகோதரியின் கணவன் "பிரதர் இன் லோ". சிநேகிதன் ஃப்ரெண்ட், வேறொன்றும் இல்லை. மருமகனில் இன்னும் சிக்கல்: மகளின் கணவன் "சன் இன் லோ", சகோதரியின் மகன் நெஃபியூ. மாமாவும் அப்படி. தாயின் சகோதரன் அங்கிள், மனைவியின் தகப்பன் "ஃபாதர் இன் லோ". சொந்தத்துக்குள் கலியாணம் கட்டியிருந்தால் ஒரே ஆள் இரண்டுமாக இருப்பார். அப்போது படிவம் எந்த உறவைக் கேட்கிறதோ அதை எழுதி, மற்றதைக் குறிப்புப் பகுதியில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

எழுதும் முன் ஒரு வேலை செய்யுங்கள். உறவின் பெயரை மறந்துவிட்டு, யாருடைய பிள்ளை, யாரைக் கட்டியவர் என்று தாளில் கோடு போட்டுப் பாருங்கள். கோடு கலியாணத்தின் வழியாகப் போனால் "இன் லோ". தாய் தகப்பனிலேயே கோடு சேர்ந்தால் சகோதரம். அம்மம்மா, அப்பப்பாவில் போய்ச் சேர்ந்தால் கஸின்.

பெயர்ப் பெட்டியும் இதே தாளில் இருக்கும். ஃபேர்ஸ்ட் நேம் என்றதும் முதலில் எழுதுகிற பெயரை எழுதிவிடுகிறோம். நாங்கள் தகப்பன் பெயரை முன்னுக்கு எழுதுகிறவர்கள், ஆகவே அங்கே அப்பா பெயரும், லாஸ்ட் நேம் பெட்டியில் நமது பெயருமாக விழுந்துவிடும். ஃபேர்ஸ்ட் நேம், கிவன் நேம் இரண்டும் உங்களுக்கு வைத்த பெயர். லாஸ்ட் நேம், சர்நேம், ஃபேமிலி நேம் மூன்றும் ஒன்றே. ஆனால் உங்கள் கடவுச்சீட்டில் ஏற்கெனவே எது எந்தப் பெட்டியில் இருக்கிறதோ அதையே பின்பற்றுங்கள். அது மாறி இருந்தாலும், தாளுக்குத் தாள் வித்தியாசமாக எழுதுவதைவிட அது மேல்.

நேர்காணலில் வேலை அனுபவம் கேட்டால் ஃபோரும் சின்ஸும் வரும். "மூன்று வருசமாக" என்றால் "ஃபோர் த்ரீ இயர்ஸ்". "2019இலிருந்து" என்றால் "சின்ஸ் 2019". தமிழில் "ஆக" வந்தால் ஃபோர், "இலிருந்து" வந்தால் சின்ஸ். வினையையும் "ஐ ஆம் வேர்க்கிங்" என்று விடாமல் "ஐ ஹேவ் வேர்க்ட்" என்று மாற்றுங்கள்.

விளக்கம் கேட்கும்போது "ஐ ஹேவ் எ டவுட்" என்று தொடங்க வேண்டாம். நமக்குச் சந்தேகம் என்றால் விளங்காத இடம். அவர்களுக்கு டவுட் என்றால் நம்பிக்கையின்மை, நீ சொல்வது உண்மையா என்ற தொனி. "ஐ ஹேவ் எ க்வெஸ்சன்" என்றால் ஒரு வில்லங்கமும் இல்லை.

அறிகுறி: "சொரி?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்

இது உச்சரிப்பு. மூன்றே மூன்று இடத்தைப் பார்த்தால் பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.

ப, ஃப. கோப்பி வேண்டுமா என்று கேட்டால் அவர் எதையோ பிரதி எடுப்பதாக நினைப்பார். ப-வுக்கு உதடுகள் இரண்டும் மூடும். ஃப-வுக்கு மூடவே கூடாது. மேற்பல் கீழுதட்டில் மெல்லத் தொட, காற்று மட்டும் வெளியேற வேண்டும். ஃபிஷ், ஃபேன், ஃபுல் என்று கண்ணாடி முன் நின்று சொல்லிப் பாருங்கள். உதடு ஒட்டினால் தெரிந்துவிடும்.

இரண்டு வ. ஆங்கிலத்தில் வ இரண்டு, நம்மிடம் ஒன்று. அதனால் "வேல்" என்று சொன்னால் திமிங்கிலம் முகத்திரையாகிவிடும். திமிங்கிலத்துக்குப் பல் உதட்டைத் தொடக்கூடாது. "ஊ" என்று உதட்டைக் குவித்துத் தொடங்குங்கள்: ஊ-ஏல். வைனும் அப்படியே, ஊ-ஐன். வேன், விசா போன்றவற்றுக்கு ஃப-வின் அதே பல்லும் உதடும், குரலோடு.

குறில் நெடில். இது நம் சொந்தச் சொத்து, ஆனாலும் அவசரத்தில் குறுக்கிவிடுகிறோம். பீச் என்ற சொல்லில் ஈ குறுகினால் கெட்ட வசவு. படுக்கை விரிப்பைக் கேட்கிற ஷீட்டும் அதே. நிலாவெளியில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை இந்த இரண்டையும் சொல்ல வேண்டிவரும் என்று யோசித்துப் பாருங்கள். ஈயை நன்றாக இழுங்கள், கூடினாலும் பாதகமில்லை.

அறிகுறி: நீங்கள் பகிடி விடவில்லை, அவர் சிரிக்கிறார்

"ஐ ஆம் போரிங்" என்றால் நான் ஓர் அறுவை. அலுப்பு உங்களுக்கு வந்தால் "போர்ட்". அலுப்பை உண்டாக்குவதுதான் "போரிங்". இன்ட்ரெஸ்டட், இன்ட்ரெஸ்டிங் என்பதற்கும் இதே கணக்கு. படகுப் பயணம் சந்தோசமாக இருந்தால் "ஃபன்". பகிடியாக, சிரிப்பு வரும்படி இருந்தால் "ஃபனி".

அறிகுறி: கொப்பியில் சிவப்பு வட்டம்

பிள்ளைகள் தட்டுத்தடுமாறுவது "கேள்", "பார்", "சொல்" மூன்றிலும்தான். கேள்: வாய் வேலை செய்தால் ஆஸ்க், காதில் தானாக விழுந்தால் ஹியர், காதைக் கொடுத்துக் கேட்டால் லிஸின். டீச்சர் சொல்வதை "ஹியர்" பண்ணுகிற பிள்ளை பெயில். பார்: கண்ணில் பட்டால் சீ, திரும்பிப் பார்த்தால் லுக், அசைகிற ஒன்றைத் தொடர்ந்து பார்த்தால் வொட்ச். சொல்: டெல் உடனே ஓர் ஆளைக் கேட்கும், "டெல் ஹிம்". சே ஆளில்லாமலே நிற்கும், ஆள் வந்தால் நடுவில் "டு" வேண்டும்.

அடையாள அட்டை தொலைந்தது என்று முறைப்பாடு எழுதும்போது தொலைப்பது என்ற "லூஸ்"-க்கு "ஓ" ஒன்று. இரண்டு போட்டால் அட்டை தளர்ந்துபோய்விட்டது. அதிபருக்குக் கடிதம் எழுதினால் பிரின்சிபல் "ஏ எல்" என்று முடிய வேண்டும். "எல் ஈ" என்று முடித்தால் கடிதம் ஒரு கொள்கைக்குப் போகும்.

திருத்தாமல் விடக்கூடியவை

"டுடே மோர்னிங்", "யெஸ்டர்டே நைட்", "ரிட்டேர்ன் பேக்", "டிஸ்கஸ் அபவுட்" என்று சொல்லி யாரும் படகைத் தவறவிட்டதில்லை, யாருடைய விசாவும் போனதில்லை. பேச்சில் விட்டுவிடுங்கள். பரீட்சைத் தாளிலும் வேலை விண்ணப்பத்திலும் மட்டும் "திஸ் மோர்னிங்", "லாஸ்ட் நைட்", வெறும் "ரிட்டேர்ன்", வெறும் "டிஸ்கஸ்". சாப்பாட்டைக் கட்டித்தரச் சொல்கிற "பார்சல்" உள்ளூரில் அப்படியே இருக்கட்டும். விடுதி வாசல் பலகையில் மட்டும் "டேக் அவே" என்று எழுதுங்கள், இல்லையென்றால் தபாற்கந்தோர் எங்கே என்று உள்ளே வந்து கேட்பார்கள்.